உதட்டுப் புண்

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு ஒருதரம் நடுமுதுகை நிமிர்த்தினால் போதும், அதற்கு இடையில் எழுந்தால் கை ஓட்டம் கெட்டுப்போகும் என்பது பிரீனாவின் அனுபவம். குலசேகரத்திலிருந்து ஆற்றோரமாக இறங்கும் சாலையில் இருந்த அந்த அண்டி ஆபீசில் அவளுக்குப் பதினாறு வருட சர்வீஸ். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை. முந்திரிக்கொட்டையை வறுத்து, தோட்டை உடைத்துப் பருப்பு எடுக்கிற கம்பெனி. ஊருக்கு அது ஆபீஸ்தான். வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிமிர்த்தி வைத்து மரக்கட்டையால் ஒரே தட்டு. தோடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரவேண்டும். உடைந்தால் மேஸ்திரியிடம் ஏச்சு நிச்சயம்.

தோட்டுக்குள் இருக்கிற எண்ணெயைக் கறை என்பார்கள். தோலில் பட்டால் பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைக் குழைத்து விரலெல்லாம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்தச் சவம் நகக்கண் வழியாக உள்ளே இறங்கிவிடும். பிரீனாவின் பத்து விரலிலும் ரேகை அழிந்து, உள்ளங்கை கரிச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அது அவளை ஆளென்றே ஒத்துக்கொள்ளாது. கையுறை வேண்டும் என்று பெண்கள் வருடா வருடம் கேட்டார்கள். உறை போட்டால் வேகம் குறையும், பருப்பு உடையும் என்று கம்பெனி வருடா வருடம் சொன்னது.

அவள் கீழுதட்டின் இடப்பக்கத்தில் இருந்த புண்ணை முதலில் கவனித்தது பக்கத்துப் பலகையில் உட்காரும் தங்கபாய். பயற்றுமணி அளவுதான் இருக்கும். நடுவில் குழிந்து, ஓரம் தடித்து, ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, உதட்டுல என்னது? கறை பட்டுச்சா?"

"தெரியல்ல அக்கா. வலிக்கல்ல."

"கறை பட்டா வலிக்காம இருக்குமா மக்கா?" என்றாள் தங்கபாய். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வலிக்காத புண் என்ன பெரிய புண் என்றுதான் பிரீனாவுக்கும் தோன்றியது. மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வைட்டமின் மாத்திரை தின்றாள், தேங்காயெண்ணெய் தடவினாள். மூன்று வாரமாகியும் அது போகவில்லை. தாடைக்குக் கீழே புன்னைக்காய் அளவுக்கு ஒரு கட்டி வேறு உருண்டது.

நான்காவது வாரம் மேஸ்திரியின் கண்ணில் பட்டுவிட்டது. அவன் நேராக மேனேஜரிடம் போனான். அண்டி ஆபீசில் உதட்டுப் புண்ணுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. தோட்டிலிருந்து எடுத்த பருப்பை வாயில் போட்டால் அதில் ஒட்டியிருக்கிற கறை உதட்டைப் பொத்துப் புண்ணாக்கிவிடும். அந்த அடையாளத்தை வைத்துத்தான் பருப்புத் திருடிகளைப் பிடிப்பது. அப்படி எத்தனையோ பெண்கள் வேலை இழந்திருக்கிறார்கள். வியர்வையைத் துடைக்கும்போது கை பட்டுவிட்டது என்று சொன்னாலும் எடுபடாது. கொட்டை தல்லுகிற பெண்கள் யாரும் கையால் முகம் துடைப்பதில்லை. தோளில்தான் துடைப்பார்கள். மூக்கு அரித்தால்கூட முழங்கையைத்தான் தூக்குவார்கள்.

"பருப்பு எப்படி இருந்துது?" என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினாறு வருடத்தில் ஒரு பொடிகூட வாயில் போட்டதில்லை என்று பிரீனா சொல்லிப் பார்த்தாள். அவள் மகள் ஜெனிலாமேல் சத்தியம் செய்யக்கூடப் போனாள். மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தினார். விசாரணை வியாழக்கிழமை நடக்கும், அதுவரை உள்ளே வரவேண்டாம் என்றார். பிரீனா சாம்பல் கையைக் கழுவாமலே கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பசித்த நாளிலும் தொடாததைத் தின்றாய் என்று சொல்லிவிட்டானே.

தொழிற்சங்கத்து ஆள் ஞானதாசன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். இது ரொம்ப எளிய காரியம் என்றார். அரசு ஆஸ்பத்திரியில் போய் டாக்டரிடம் காட்டி, இது கறை பட்ட புண் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் போதும். மேனேஜரின் மூஞ்சியில் அந்தப் பேப்பரை எறிந்துவிட்டு வேலைக்குப் போகலாம். பிரீனாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. உறை போட்ட விரலால் உதட்டைப் புரட்டினார், தாடைக் கட்டியை அமுக்கினார், ஒரு சீட்டில் எழுதி, வராந்தாவின் கடைசியில், ரத்தம் பார்த்து ஆலோசனை சொல்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். அங்கே கவுன்சலராக இருந்த பெண்ணின் பெயர் ஆதிரா. திருவட்டாற்றுக்காரி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நான் கேக்கதுக்கு மனசுல ஒண்ணும் நினைக்காதீங்க. இங்க வாற எல்லாருட்டயும் கேக்கதுதான். வீட்டுக்காரர்கூட வாய் வழியா உறவு உண்டா?"

பிரீனா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஷிபுவுக்குக் கோட்டயம் பக்கம் கொத்தனார் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் சனிக்கிழமை பஸ் ஏறி வருவான். போன கிறிஸ்துமஸ் முதல்தான் இந்தப் புதுப் பழக்கம். போனில் எதையெல்லாமோ பார்த்துவிட்டு வந்து கெஞ்சினான். முதலில் அவளுக்குக் குமட்டியது. பிறகு, எங்கேயோ கிடந்து சிமெண்டில் சாகிற மனிதன், வந்த ஒரு ராத்திரிக்கு முகத்தைத் திருப்பவா என்று நினைத்துக்கொண்டாள். இதை ஒரு ஜீவனிடம் அவள் சொன்னதில்லை. தங்கபாயிடம்கூடச் சொன்னதில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது ஆதிராவின் மேசையில் இரண்டு தாள் இருந்தது.

"எச்ஐவி இல்ல. முதல்ல அதைச் சொல்லிருகேன். ஆனா சிபிலிஸ் இருக்கு. நம்ம ஊருல மேகப்புண்ணுண்ணு சொல்லுவாவ. ஊசி உண்டு, சொகமாவும்."

"நான் வேற எவன்கிட்டயும்…" என்று பிரீனா தொடங்கினாள்.

"நான் கேக்கவே இல்லியே அக்கா."

அந்தப் பெண் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பிரீனாவுக்குத் துண்டு துண்டாகத்தான் ஏறியது. ஷிபுவுக்கு அங்கே ஒரு புண் இருந்திருக்கும்; வலித்திருக்காது, அவன் கவனித்திருக்கவும் மாட்டான். அதில் வாய் பட்டபோது இங்கே தொற்றியது. கீழே மட்டும்தான் நோய் பிடிக்கும், வாய்க்கு ஒன்றும் இல்லை என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெட்டை நோய் தொண்டையில் குடியிருக்கும், ஒரு இருமல்கூட இருக்காது. அக்கி வரும். மருவை உண்டாக்கும் கிருமி வந்தால் வருடக்கணக்கில் கிடந்து தொண்டையில் புற்றாகவும் ஆகலாம். எச்ஐவி வாய்வழியில் வருவது ரொம்பக் குறைவு. ஆனால் வாயில் புண் இருந்தால் அப்படி ஆணித்தரமாகச் சொல்ல முடியாது, ஆகவே மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் ரத்தம் பார்க்கவேண்டும். இந்தப் புண் மருந்து இல்லாமலே ஆறும், அதுதான் ஆபத்து. ஆறிவிட்டது என்று விட்டால் நோய் உள்ளே போய், காலம் கழித்துக் கண்ணையும் மூளையையும் பிடிக்கும்.

"இனிமே வாய் வழியா ஆனாலும் அவருக்கு உறை வேணும் அக்கா. தொடக்கத்துல இருந்தே. அவரு உங்களுக்குச் செய்யதா இருந்தா உறைய நீளவாட்டுல கீறி விரிச்சுப் போட்டுக்கலாம். புண்ணு இருந்தாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ வேண்டவே வேண்டாம். ரெண்டுபேருக்கும் ஊசி போட்டுப் புண்ணெல்லாம் ஆறுகதுவரை ஒண்ணுமே வேண்டாம். பொறவும், உறவுக்கு முந்தி பல்லு தேய்க்காதீங்க. ஈறு கீறிப்போவும். வெறும் தண்ணியில கொப்பளிச்சா போதும்."

பிரீனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒவ்வொரு தரமும், முன்னால் ஒருதரம் பின்னால் ஒருதரம், ஈறு எரிகிறவரை பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் சுத்தம் என்று நினைத்திருந்தாள்.

"பருப்புல ஒட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. தட்டு, டம்ளர், துண்டு, பருப்பு எதிலும் ஒட்டாது, தாராளமாக வேலை பார்க்கலாம் என்றாள் ஆதிரா. பிறகு இடுப்பின் இரண்டு பக்கத்திலும் ஊசி போட்டார்கள். உலக்கையால் இடித்த மாதிரி வலித்தது. ஞானதாசன் சொன்ன சர்டிபிகேட்டைக் கேட்டபோது டாக்டர், நோயின் பெயரை எழுத மாட்டேன், எழுதவும் கூடாது என்று சொல்லி, இரண்டே வரி எழுதிக்கொடுத்தார். இது ரசாயன எண்ணெய் பட்ட புண் அல்ல. வேறு நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஷிபு சனிக்கிழமை வரவேண்டியவன், போன் பண்ணியதும் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான். ஜெனிலா டியூஷனுக்குப் போயிருந்த நேரம். பிரீனா சுற்றி வளைக்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். எங்கே போனீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவன் அந்தத் தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். பெரிய உடம்பு, மூன்று மாடிக்குச் சாந்துச் சட்டி ஏற்றுகிற தோள், அப்படியே சுருங்கிப்போயிற்று. ஷெட்டில் பதினோரு பேர் தங்கியிருக்கிறார்கள். ஒருநாள் சம்பளம் வாங்கிவிட்டு நான்கைந்து பேராக ஒரு லாட்ஜுக்குப் போனார்கள். இரண்டு தரம் போனான். அதற்குப் பிறகு இல்லை, கர்த்தர்மேல் சத்தியம். ஒரு சின்னப் புண் வந்தது. சிமெண்டு பட்டது என்று நினைத்து மஞ்சள் தேய்த்தான், போய்விட்டது.

"நான் தப்பு ஒண்ணும் செய்யல்ல பிள்ளே. வாயோடதான். அதுல நோய் வராதுண்ணு எல்லாவனும் சொன்னான். உனக்கு ஒண்ணும் வந்துரப்பிடாதுண்ணுதான் நான்…"

"எனக்கும் வாயோடதான் வந்துது" என்றாள் பிரீனா.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அடிக்கட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லாட்ஜ் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இந்த ஊசி போடவேண்டுமே, அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று பிரீனாவுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது அவளுக்கே ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்தாள். ஆதிரா கொடுத்த உறைப் பொட்டலத்தை அவன் சட்டைப்பையில் அவளே திணித்தாள். இது இல்லாமல் இனி மேலும் கிடையாது கீழும் கிடையாது, அதுவும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் என்றாள். அவன் சரி சரி என்றான். பஸ் ஏறுவதற்கு முன்னால் அவளுடைய கறுத்த கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் காயிதத்த ஆபீஸ்ல காட்டிராத. வெளிய தெரிஞ்சா நான் செத்துருவேன். ஜெனிலாவ நினைச்சுப் பாரு. கோயில்ல எல்லாவனும் அவளயில்லா பாப்பான்."

ஆபீசில் காட்டப்போகிற தாளில் பெயர் எழுதவில்லை, வேறு நோய் என்றுதான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றாள். அவனைச் சமாதானப்படுத்தவேண்டியதும் அவள்தான் ஆயிற்று.

வியாழக்கிழமை மேனேஜரின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேனேஜர், மேஸ்திரி, ஞானதாசன், பிரீனா, அவளுக்குச் சாட்சியாக வந்திருந்த தங்கபாய். தங்கபாய் வீட்டிலிருந்து பைபிளையே கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் கையை வைத்து, பதினாறு வருடமாக இவளோடு தோளுக்குத் தோள் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு துண்டுப் பருப்பு இவள் வாய்க்குப் போய் நான் பார்த்ததில்லை, இவள் தின்றாள் என்றால் நானும் தின்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஞானதாசன் சர்டிபிகேட்டை மேசைமேல் வைத்து, விரலால் ஒருதரம் தட்டினார்.

மேனேஜர் இரண்டு வரியையும் இரண்டு தரம் படித்தார்.

"வேறு நோய்ண்ணா என்ன நோய்?"

மேனேஜர் தாளைத் தள்ளி வைத்தார்.

"இது திங்க சாதனம். கப்பல் ஏறிப் போவுகது. நோய் உள்ள கைய வச்சு நான் பருப்பு எடுக்க முடியுமா? ஒண்ணு, நோய்க்கப் பேர எழுதி வாங்கிட்டு வா. பாத்துட்டு உள்ள விடலாமா வேண்டாமாண்ணு மொதலாளி சொல்லுவாரு. இல்லாட்டி, தெரியாம தின்னுபோட்டேன், மன்னிச்சிருங்கண்ணு எழுதித் தா. முதல் தடவைங்கதுனால திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்."

"பேரச் சொல்லிரு பிரீனா" என்றார் ஞானதாசன் உற்சாகமாக. "காமாலையோ கீமாலையோ, எதுவானா என்ன? நீ திருடல்லேண்ணு ஆச்சுல்லா. விட்டுக்குடுக்காத."

பிரீனா வாயைத் திறந்தாள். அது பருப்பில் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, ஊசி போட்டாயிற்று என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஒட்டாது என்று சொன்னால் பின்னே உனக்கு எப்படி ஒட்டியது என்று கேட்பார்கள். மேஸ்திரியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவன் மகனும் ஜெனிலாவும் ஒரே வகுப்பு. மேனேஜருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் முதலிலேயே எடுத்துவைத்திருந்தது.

"நான் தின்னேன்" என்றாள்.

தங்கபாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பைபிளின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி சொல்லச் சொல்ல பிரீனா எழுதினாள். தெரியாமல், பசியில், ஒரு பருப்பு என்று மூன்று வரி. கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருவிரலும் வைக்கச் சொன்னார்கள். மையில் தொட்டு அழுத்தினாள். ஒரு கோடுகூட இல்லாத வட்டமாக விழுந்தது. இதென்ன ரேகை என்று மேனேஜர் சலித்துக்கொண்டு இன்னொரு தரம் வைக்கச் சொன்னார். அதுவும் அப்படியேதான் விழுந்தது.

வெளியே வந்ததும் ஞானதாசன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தங்கபாய் மட்டும் கேட்டருகில் நின்றாள்.

"எனக்கக்கூட ஒரு வார்த்த முன்னால சொல்லியிருக்கலாம்லாட்டி. வேதத்துல கைய வச்சேனே."

"அக்கா…" என்றாள் பிரீனா. தங்கபாயின் முகத்தைப் பார்த்தாள். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் அவள் ஷிபுவைத் திட்டுவாள், பிறகு அழுவாள், பிறகு தாங்கமாட்டாமல் தன் தங்கையிடம் ஒருதரம் சொல்லிவிடுவாள். தங்கபாய் பைபிளைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை பிரீனா பழைய பலகையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பலகையில் வேறொருத்தி இருந்தாள். தங்கபாய் இடம் மாற்றிக் கேட்டு வாங்கி, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். உதட்டுப் புண் காய்ந்து, விரலால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு தழும்பாகிவிட்டிருந்தது. கைகள் பழைய கைகள்தான். ஒரு வாரமாகச் சாம்பல் படாத தோல் வெடித்து, முதல் கொட்டையிலேயே கறை உள்ளே இறங்கியது. சாயங்காலம் வரை யாரும் அவளிடம் பேசவில்லை. சுற்றிலும் கட்டைகள் விழுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு கேட்டில் வரிசை நின்றது. எப்போதும் நடக்கிற சோதனைதான். கேட்டில் நிற்கும் ஜெபகனி மடியையும் இடுப்பையும் தடவிப் பார்த்து அனுப்புவாள். அன்று வரிசை நகரவே இல்லை. சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பருப்பு உண்ணும் சம்பவம் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், இன்று முதல் பணியாளர் அனைவருக்கும் வாய்ச் சோதனை. முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி பிரீனாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஐந்தாறு பேருக்கு முன்னால் தங்கபாய் நின்றாள். அவள் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

பிரீனா போய் நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதிய" என்றாள் ஜெபகனி தாழ்ந்த குரலில். "வாயத் திறங்க."

பிரீனா வாயைத் திறந்தாள். ஜெபகனி இடது கையில் இருந்த போன் டார்ச்சை உள்ளே அடித்தாள். வலது கையின் இரண்டு விரலால் கீழுதட்டைப் பிடித்துப் புரட்டினாள். அந்த விரல்கள் வழவழவென்று இருந்தன, பவுடர் வாசனை அடித்தது. மேனேஜர் அன்று காலையில்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்டூலின்மேல் அட்டைப்பெட்டி பிரித்து வைத்திருந்தது, நூறு கையுறை.